வீட்டுக்கு ஒரு விதை

பாலத்தடித் தோட்டம்,
பாடாங் செராய்.
சுபானு வருடம், ஆடி 5

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய அண்ணன் அய்யாவு அவர்களின் சமூகத்திற்குத் தங்கை பிச்சையம்மாள் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதத்திற்கு இத்தனை காலம் தாழ்த்திப் பதில் எழுத நேர்ந்ததைப் பொறுத்தருள வேண்டுகிறேன். காகிதம் கிடைக்கவில்லை. பழைய திருவிழா நோட்டீசின் பின்புறத்தில் இதை எழுதுகிறேன். தாங்களும் அண்ணி பாப்பம்மாவும் பிள்ளைகளும் நலந்தானே? இங்கு நானும் என் இரு பெண்களும் கொழுந்தன் அம்மாசியும் உடலளவில் நலம். தபாலில் போடத் துணியாமல், தங்கள் ஊர்ச் சந்தையான பாசாருக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவரும் அழகம்மாவின் கூடையில் இதை வைத்தனுப்புகிறேன்.

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு எங்கள் தோட்டத்திலிருந்து பத்து ஆண்கள் வேண்டுமென ஜப்பான்காரர்களின் உத்தரவு வந்துள்ளது. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கங்காணி முனியாண்டி தம் கையால் பெயர் எழுத அஞ்சி, "நீங்களே தீர்மானம் பண்ணுங்கப்பா, நாளைக்கு என்னையக் குத்தம் சொல்லக்கூடாது" என்று காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் அறிவித்தார். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கு ஆளுக்கொன்றாக வரிசையாக வைக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு ரப்பர் விதை. யாரை அனுப்பலாம் என்று நினைக்கிறோமோ அவருடைய மங்கில் விதையைப் போட வேண்டும். அதிகம் விழுந்த பத்துப் பேர் லாரி ஏற வேண்டும்.

கங்காணியின் சொந்தக்காரர்கள் நிறைந்த மேட்டு லயத்து வீட்டு வரிசை முன்னமே கூடிப் பேசி, விதைகளைச் சிதறாமல் சேர்த்துப் போட்டது. மற்ற இரு லயத்தாரும் அவரவர் மனம் போனபடி போட்டார்கள். சேர்த்துப் போட்டவர்கள் காட்டிய பத்துப் பேரே வந்தார்கள். ஒன்பது பேர் ஆற்று லயத்து இளைஞர்கள்; ஊரில் ஆளில்லாதவர்கள். பத்தாவது பெயர், இன்னும் கல்யாணமாகாத நம் அம்மாசி. இதற்குத் தீர்மானம் என்று பெயராம். உறவினரை எண்ணிப் பார்க்கும் வேலைக்கு மங்கு எதற்கு?

நான் விடவில்லை. மொத்த விதையையும் தரையில் கொட்டி எண்ணச் சொன்னேன். வீடுகளைவிட விதைகள் அதிகம்! ஆடி மாதத்தில் தோட்டமெங்கும் காலடியில் உதிர்ந்து கிடக்கும் பொருளை அல்லவா வாக்காக வைத்திருக்கிறார்கள்? குனிந்தவனுக்கெல்லாம் ஒரு வாக்கு. கங்காணிக்கு முகம் கறுத்தது. வேறு வழி யோசிப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

என் கணவர் காலமான பின் இந்த வீட்டைத் தாங்கி நிற்பவர் அம்மாசி ஒருவரே. அவரை நான் விட்டுக்கொடுப்பதாயில்லை. தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பிச்சையம்மாள்

*

சுங்கைப் பட்டாணி,
2603, ஜூலை 27

அன்புத் தங்கை பிச்சைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்குச் சிரங்கு, வேறொன்றுமில்லை.

முதலில் ஒரு சொல். வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்று எழுதப் பழகு. 1943 என்று போட்டால் அதிகாரிகளுக்குக் கோபம் வருகிறது. சுபானு என்று போட்டால் விளங்காததால் இன்னும் கூடுதலாகக் கோபம் வருகிறது.

ஆள் பொறுக்குவதற்கு நியாயமான வழி திருவுளச்சீட்டுதான். உறவும் பார்க்காது, லயமும் பார்க்காது. அதைக் கேள். அதிகம் பேசாதே. பெண்பிள்ளைகளை வைத்திருக்கிறாய்.

கிழங்குக்கு நன்றி. பாப்பம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அய்யாவு

*

பாலத்தடித் தோட்டம்,
சுபானு வருடம், ஆடி 18

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கையின் வணக்கம். சின்னவனின் சிரங்குக்குக் குப்பைமேனி இலை அனுப்பியுள்ளேன். மஞ்சளுடன் அரைத்துப் பூசச் சொல்லவும். ஆண்டைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்த ஆண்டைத்தான் என்னால் எழுத இயலும்.

திருவுளச்சீட்டுப் பற்றித் தாங்கள் எழுதியதைச் சபையில் வைத்தேன். அதனால் விளைந்ததைக் கேளுங்கள். இப்போது தோட்டத்தில் மூன்று யோசனைகள் உள்ளன: கல்யாணமாகாதவர்களை அனுப்புவது, சீட்டுக் குலுக்குவது, ஒருவரையும் அனுப்ப மறுப்பது. மூன்று லயங்களிலும் வீடுகள் ஏறத்தாழச் சமம்.

மேட்டு லயத்தார் லாரி வருமென்று தெரிந்தவுடனே மீசை முளைக்காதவனையெல்லாம் தாலி கட்ட வைத்துவிட்டார்கள். ஆகவே அவர்களுக்குக் கல்யாணமாகாதவர்களை அனுப்புவதே முதல் விருப்பம், அது இல்லையேல் சீட்டு, மறுப்பு கடைசி. ஆற்று லயத்தில் ஒண்டிக்கட்டைகள் மிகுதி. அவர்கள் சீட்டை விரும்புகிறார்கள். அது இல்லையேல் மறுப்பு. கல்யாணமாகாதவர்களை அனுப்புவது கடைசி. கோயில் லயத்தில் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். அவர்கள் மறுக்கவே விரும்புகிறார்கள். அது முடியாவிட்டால் கல்யாணமாகாதவர்கள் போகட்டும். சீட்டென்றால் அவர்களுக்கு நடுக்கம்.

கங்காணி இப்போது சொல்வது: "ரெண்டு ரெண்டாக் கேப்போம். மொதல்ல சீட்டா, மறுப்பா? அதுல செயிச்சதையும் கல்யாணமாகாதவனையும் அடுத்துக் கேப்போம்." கேட்பதற்கு எவ்வளவு நேர்மையாக இருக்கிறது! அடுப்பங்கரையில் மூன்று மங்குகளை வைத்து நான் நடத்திப் பார்த்தேன். சீட்டும் மறுப்பும் மோதினால் மேட்டு லயமும் ஆற்று லயமும் சேர்ந்து சீட்டை வெல்ல வைக்கும். அந்தச் சீட்டும் கல்யாணமாகாதவர்களும் மோதினால் மேட்டு லயமும் கோயில் லயமும் சேர்ந்து அம்மாசியை லாரியில் ஏற்றும்.

பிறகு வரிசையை மாற்றி வைத்துப் பார்த்தேன். வேறு முடிவு வந்தது! சீட்டு மறுப்பை வெல்கிறது, கல்யாணமாகாதவர் யோசனை சீட்டை வெல்கிறது, மறுப்பு கல்யாணமாகாதவர் யோசனையை வெல்கிறது. நாய் தன் வாலைத் துரத்துவதுபோல் மூன்றும் சுற்றுகின்றன. எந்த யோசனை கடைசியில் களமிறங்குகிறதோ அதுவே வெல்லும். ஆகவே தீர்மானிப்பவர்கள் ஜனங்கள் அல்லர்; கேள்வியை வரிசைப்படுத்தும் முனியாண்டிதான்.

ஒன்று கேட்க வேண்டும். தாங்கள் வேலை பார்ப்பது தொழிலாளர் அலுவலகத்தில். இந்தப் பத்து என்ற எண் தங்கள் மேசையைக் கடந்து வந்ததா?

பிச்சையம்மாள்

*

சுங்கைப் பட்டாணி,
2603, ஆகஸ்டு 9

அன்புள்ள தங்கைக்கு. சிரங்கு ஆறிவருகிறது. எனக்கு லேசாக இருமல்.

உன் சுற்றை நான் நம்பவில்லை. அலுவலகத்தில் கூட இருக்கும் மோரிஸையும் இன்னொருவரையும் வைத்துச் சோதித்தேன். மத்தியானத்துக்குக் கஞ்சியா, மரவள்ளியா, சக்கரவள்ளியா என்று கேட்டேன். மூன்று பேர், மூன்று விருப்பம். நீ சொன்னபடியே சுற்றியது. வரிசையை மாற்றி மாற்றிக் கேட்டதில் மூன்றையும் ஜெயிக்க வைத்தேன். கடைசியில் மோரிஸ், "யோவ் அய்யாவு, வெவாதம் முடியறதுக்குள்ள பசியே போயிடுச்சுய்யா" என்றார். இருந்தது மரவள்ளி மட்டுந்தான் என்பது வேறு விஷயம்.

ஆகவே வழி சுலபம். வரிசையை நீ பிடித்துக்கொள். முதலில் 'கல்யாணமாகாதவனா, சீட்டா' என்று கேட்க வை. வென்றதை மறுப்போடு மோதவிடு. மறுப்பு வெல்லும். யாருக்கும் விளங்கப்போவதில்லை.

ஆனால் மறுத்தபின் என்ன நடக்கும் என்று யோசித்தாயா?

அய்யாவு

*

பாலத்தடித் தோட்டம்,
சுபானு வருடம், ஆவணி 2

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் இருமலுக்குத் தேன் கிடைக்கவில்லை, கற்பூரவல்லி அனுப்பியுள்ளேன். என் கேள்விக்குத் தாங்கள் விடை எழுதவில்லை. அதையும் கண்டுகொண்டேன்.

நேற்றுப் பெரட்டுக் களத்தில் கூட்டம். வரிசையைத் திருப்பும் தந்திரம் எனக்குக் கைவந்திருக்கும். ஆயினும் அதை நான் செய்யவில்லை. கங்காணியின் கைவேலையை என் கையால் செய்வது எனக்கு இழிவு. மேலும், ஏமாந்தோம் என்று மேட்டு லயம் உணரும் நாளில் முதல் வேலையாக எங்களைக் காட்டிக்கொடுக்கும்.

நான் மூன்று மங்குகளோடு எழுந்து நின்றேன். முனியாண்டி, "புருஷன் இல்லாத வீட்டுக்கு ஏது வெத? ஒக்காரும்மா" என்றார்.

"தலை எண்ண வந்தப்ப என் வீட்டையும் எண்ணுனீங்களே. எண்ணுறப்ப இருந்த வீடு கேக்குறப்ப எங்கங்க போச்சு?" என்றேன்.

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. நான் மங்குகளை நகர்த்தி நகர்த்திச் சுற்றைக் காட்டினேன். மேட்டு லயத்தார் நினைத்தது வெல்லும் வரிசையை ஒளிக்காமல் காட்டினேன். நான் நினைப்பது வெல்லும் வரிசையையும் ஒளிக்காமல் காட்டினேன்.

"என்ன பிச்சை, பெரட்டுல பள்ளிக்கூடமா நடத்துற?"

"ஆமாங்க கங்காணி. நீங்க முன் வாங்குப் பலகையில ஒக்காருங்க."

கோயில் லயத்து மணியம் எழுந்து, "அப்பன்னா எந்த வரிசதான் ஞாயம்? அதச் சொல்லிட்டுப் போ" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். இன்னொருவன் உயிரை எந்த வரிசையில் கேட்டாலும் அது களவுதான். எந்த வழியில் ரப்பர் வெட்டுவது, கோயிலுக்கு என்ன வண்ணம் பூசுவது என்று கேளுங்கள், கூடித் தீர்மானிப்போம். ஒருவன் சயாமுக்குப் போவதா என்பதில் அவன் ஒருவனுடைய விதையைத் தவிர வேறு எவருடைய விதைக்கும் இடமில்லை. இதுவே என் வாதம்.

"அப்ப எவன் போவான்?"

"போறேன்னு சொல்றவன் போவான்."

"எவனும் சொல்லலன்னா?"

"எவனும் போகலன்னு அர்த்தம். இதுல வெளங்காதது என்னங்க?"

பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒரே ஒரு மங்கு வைத்தோம். போக விரும்புகிறவர் மட்டும் தம் பெயருக்கு ஒரு விதை போடலாம். ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். கங்காணியின் இரு மகன்களும் போய் வந்தார்கள். அந்த மங்கினை எடுத்து வந்து எல்லார் முன்னிலையிலும் கவிழ்த்தேன். ஓர் எறும்பு விழுந்தது.

கங்காணி மங்கினை வாங்கித் தட்டிப் பார்த்தார். பிறகு முனியாண்டி தணிந்த குரலில், "இத நான் எப்படிம்மா ஜப்பான்காரங்கிட்ட சொல்லுவேன்? என் தோல உரிச்சிருவான்" என்றார். அவரும் பயந்தவரே என்பது எனக்கு அப்போதுதான் புலப்பட்டது. ஒருவர் மீது பழி விழாதிருக்க, 'இத்தோட்டத்தில் போக விரும்புவோர் எவருமிலர்' என்று நானே எழுதினேன். எல்லா வீடுகளும் கைரேகை வைத்தன. மேட்டு லயமும் வைத்தது. கடைசியாகக் கங்காணி வைத்தார்.

அந்தப் பதில் இக்கடிதத்தோடு வருகிறது. தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பிக்கவும்.

பிச்சையம்மாள்

*

சுங்கைப் பட்டாணி,
2603, ஆகஸ்டு 25

தங்கைக்கு. சுகம்.

உங்கள் பதிலை அப்படியே மேலே அனுப்பினால் பத்துப் பேர் அல்ல, தோட்டம் முழுவதும் போகும். அது என்னிடம் இருக்கிறது. அதற்குப் பதிலாக நான் வேறொன்று எழுதியிருக்கிறேன். என்னவென்று கேட்காதே.

இதைப் படித்ததும் மூன்று லயத்து வாசலிலும் தோட்டத்து வாயிலிலும் வேப்பிலைக் கொத்துக் கட்டச் சொல். வாசலில் மஞ்சள் நீர் தெளித்து வைக்கட்டும். நான் எழுதும்வரை ஒருவரும் டவுனுக்கு வரக்கூடாது. அழகம்மாவும்தான். லாரி வந்தால் நாலு பேர் கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்ளட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். அந்தப் பத்தை அடித்தது என் தட்டெழுத்து யந்திரந்தான். நான் அடிக்காவிட்டால் மோரிஸ் அடித்திருப்பார். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

அய்யாவு

*

பாலத்தடித் தோட்டம்,
சுபானு வருடம், ஆவணி 20

என்றும் மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் இருமல் எந்த அளவில் உள்ளது? கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அழகம்மாவை அனுப்பத் தடையிருப்பதால், எருமை ஓட்டிப் போகும் மலாய்க்காரப் பெரியவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

லாரி வந்தது. தோட்டத்து வாயிலில் வேப்பிலையைக் கண்டதும் நின்றது. ஒரு சிப்பாய் இறங்கி நாலடி வந்து, கோணிக்குள் கிடந்த அம்மாசியின் முனகலைக் கேட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். வண்டி திரும்பிய வேகத்தில் கங்காணி வீட்டுக் கோழி ஒன்று மாண்டது. அதைக் குழம்பு வைத்து, முனியாண்டி எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார். "அண்ணி, அம்மை போட்டவனுக்குக் கோழி ஆகாதே" என்று சொல்லிக்கொண்டே அம்மாசி அதையும் தின்று முடித்தார்.

இங்கே எவருக்கும் அம்மை இல்லை. இருக்கிறதென்று எவரோ எழுதியிருக்கிறார். எழுதியவரை நான் கேட்கப் போவதில்லை. தட்டெழுத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதை நான் மறக்கவுமில்லை. அடித்த விரல்களே இப்போது வேறொன்றை அடித்திருக்கின்றன; அவ்வளவில் என் கோபத்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. எங்கள் பத்து இல்லாமல் அந்த லாரி எதைக்கொண்டு நிறைந்தது?

பிச்சையம்மாள்

*

சுங்கைப் பட்டாணி,
2603, செப்டம்பர் 20

அன்புத் தங்கை பிச்சையம்மாளுக்கு ஆசி. எல்லாரும் சுகம். இருமல் போய்விட்டது.

அலுவலக வேலையாக வடக்கே போகிறேன். கொஞ்ச காலம் ஆகும். நான் எழுதும்வரை நீ எழுத வேண்டாம். வேப்பிலையை இனி அவிழ்த்துவிடலாம்.

உன் விதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவன் போவதா இல்லையா என்பதில் அவன் விதை மட்டுந்தான் செல்லும் என்றாயே. அது சரியான விதி. படித்தவர்கள் கூடி இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்துவிட மாட்டார்கள். பாப்பம்மா கொஞ்சம் பயந்த சுபாவம். அவளை விசாரித்துக்கொள்.

அய்யாவு

*

பாலத்தடித் தோட்டம்,
சுபானு வருடம், புரட்டாசி 25

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு. எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல்.

வடக்கே என்றால் அலோர் ஸ்டாரா, அதற்கும் அப்பாலா? அலுவலக வேலையென்றால் எந்த அலுவலகம்? என் வாழ்நாளில் தாங்கள் என்னைப் புகழ்ந்து எழுதிய கடிதம் அந்த ஒன்றே. அதனால்தான் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

பிச்சையம்மாள்

*

சுங்கைப் பட்டாணி,
நவம்பர் மாசம்

பிச்சையம்மாவுக்கு அண்ணி பாப்பம்மா சொல்றது. எழுதுறது பக்கத்து வீட்டு ஜோசபின். நீ புள்ளைங்களோட நல்லாருக்கியா? நாங்க இருக்கோம்.

ஒன் கடுதாசி வந்துச்சு. அவரு இல்ல. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. என்னால முடியல, சொல்லிடறேன்.

ஒங்க தோட்டத்துல அம்மைன்னு ரிப்போட்டு எழுதுனது அவருதான். அப்பறமா ஒரு டாக்டரு, ஒங்களுக்கெல்லாம் தெரியாம, வெளிக்காட்டுல நின்னு பாத்துட்டு அம்மையும் இல்ல கிம்மையும் இல்லன்னு சொல்லிட்டாரு. ஆப்பீஸ்ல எழுத்து வேல பாக்குற கிராணிங்க எல்லாரையும் வெயில்ல நிக்க வெச்சாங்களாம். எழுதுனது யாரு, சொல்லு, இல்லன்னா எல்லாரும் போங்க, அந்தத் தோட்டமும் போகும்னு. மோரிஸு அண்ணே அழுதுக்கிட்டே சொன்னாரு, அந்த ஜப்பான்காரன் கேட்டு வாய மூடல, இவரு முன்ன போயி நின்னுட்டாருன்னு. நான்தான், நான் மட்டுந்தான், தோட்டத்து ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாராம். ஒன் அண்ணன நாலு அடி அடிச்சு, துணி எடுத்துக்க ஒரு ராத்திரி வீட்டுக்கு விட்டு, மறுநா ரயில்ல ஏத்திட்டாங்க. சயாமுக்கு.

அந்த லாரி எப்படி நெறஞ்சுதுன்னு கேட்டிருந்தியாமே. ஓசிப் படம்னு சொல்லி சினிமாக் கொட்டாயில ஆள் சேத்து, கதவ மூடிப் புடிச்சாங்க. யாரு பெத்த புள்ளைங்களோ.

ஆப்பீஸ்ல போயி கேட்டேன். நம்ம பக்கத்த ஜப்பான்காரன் தூக்கிக் குடுத்துட்டானாம், இப்ப சயாம்காரன் ஆட்சியாம். ஜப்பான்காரனக் கேளுங்கறான். ஜப்பான்காரன் சயாம்காரனக் கேளுங்கறான். வீட்டுல அரிசி இல்ல. ஒன் மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. நீ வா.

பாப்பம்மா

*

பாலத்தடித் தோட்டம்,
பாடாங் செராய்.
சுபானு வருடம், கார்த்திகை 22

எங்கிருப்பினும் என் வணக்கத்திற்குரிய அண்ணன் அய்யாவு அவர்களின் சமூகத்திற்குத் தங்கை பிச்சையம்மாள் எழுதிக்கொள்வது. தாங்கள் உயிரோடும் உடல் நலத்தோடும் இருப்பதாகவே முடிவு செய்து இதை எழுதுகிறேன். இம்முடிவுக்கு நான் எவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். சின்னவனுக்குச் சிரங்கு அறவே போய்விட்டது.

தாங்கள் செய்ததை நான் ஏற்கவில்லை. என் விதியை எனக்கே திருப்பிக் காட்டிவிட்டுப் போனீர்கள். அந்த விதி, 'வேண்டாம்' என்று சொல்வதற்கான உரிமை; வேண்டுமென்றே தலை கொடுப்பதற்கு அல்ல என்று எழுத நினைத்தேன். எழுதி எழுதி அடித்தேன். வேண்டும் என்று சொல்ல உரிமையில்லாதவனுக்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமையில்லை. தோற்றேன் என்று சொல்லமாட்டேன். விடை கிடைக்கவில்லை என்று சொல்கிறேன். சினிமாக் கொட்டகையில் அகப்பட்டவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மறுப்பின் எடையை அவர்கள் சுமந்தார்கள். இதற்கும் என்னிடம் விடையில்லை. ஆயினும் மறுபடி லாரி வந்தால் நான் மறுபடியும் மறுப்பேன். அடுத்த தோட்டத்தாரையும் மறுக்கச் சொல்லி, அந்தச் சுற்றை நடத்திக் காட்டி வந்திருக்கிறேன். எல்லாத் தோட்டமும் மறுத்தால் அவர்கள் எந்தக் கொட்டகையை மூடுவார்கள் என்று பார்ப்போம்.

இனி, எழுதக் கை வராத செய்தி. முந்தாநாள் காலை கொழுந்தன் அம்மாசி பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணி, நான் போறேன். ரயில்ல அரிசி வேகனுக்கு மூட்டை தூக்க ஆள் எடுக்குறாங்க. சயாம் எல்லையில பாடாங் பெசார் தாண்டிப் போகுதாம். அய்யாவு அண்ணன் எங்கே இருக்காருன்னு பாத்துட்டு வந்துடறேன்."

"ஒன்னப் போகவிடாம இருக்கத்தானேடா இத்தன பாடு பட்டேன்!"

"தெரியும் அண்ணி."

"போகக்கூடாது."

"என் பேருக்கு நான்தானே வெத போடணும்? பெரட்டுல நின்னு நீங்கதான சொன்னீங்க? எல்லாரும் கேட்டாங்களே."

அண்ணா, அன்று கங்காணிக்குக் கொடுக்க என்னிடம் பதில் இருந்தது. மேட்டு லயத்துக்குக் கொடுக்கப் பதில் இருந்தது. இவருக்குக் கொடுக்க இல்லை. ஒரு கேள்வியை மாற்றி அவரைத் தடுத்திருக்கலாம். பெண்பிள்ளைகளை முன்னே நிறுத்திக் கேட்டிருந்தால் நின்றிருப்பார். கேள்வியை எந்த வரிசையில் வைத்தால் மனிதர் மடங்குவார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் செய்யவில்லை. அவருக்குக் கட்டுச்சோறு கட்டினேன்.

இக்கடிதத்தை அவரே கொண்டுவருகிறார். எந்த முகாமில் இதைத் தங்கள் கையில் கொடுக்க நேர்கிறதோ, அங்கே அதிகாரி எவன் கேட்டாலும் அவர் தம் விருப்பத்தால் வந்தவர் என்றும், விருப்பம் மாறினால் திரும்பிவிடுவார் என்றும் தெளிவாகச் சொல்லவும். தாங்களும் அவ்வாறே சொல்லவும். சொல்லிப் பயனில்லை என்று அஞ்ச வேண்டாம். பத்துப் பேரைப் பற்றிச் சொன்னபோதும் பயனில்லை என்றுதான் தாங்கள் எண்ணினீர்கள்.

இருவரும் இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். கடிதம் கண்டவுடன் பதில் போடவும்.

பிச்சையம்மாள்